யப்பானின் கட்டடத் தொழிலும் குடிவரவுச் சட்டமும்

வீடு கட்ட நினைப்பவர் முதலில் நிலத்தையும் பணத்தையும் பற்றியே எண்ணுகின்றனர். அவை கைகூடிய பின் கல்லும் மணலும் சீமெந்தும் முற்றத்தில் வந்து குவிகின்றன. ஆயினும், கல்லின் மேற் கல் வைக்கத் தெரிந்த மேசன் ஒருவர் வரும்வரை அவை வெறுங் குவியல்களே. சிற்றூர்களிலும் அறியப்பட்ட இவ்வுண்மையைப் பெருஞ் செல்வமும் பொறியியல் வன்மையும் படைத்த ஒரு நாடும் அண்மைக் காலத்தில் உணர நேர்ந்தது. அந்நாடு யப்பான். மலையைக் குடைந்தும் கடலுக்கு அடியிற் சென்றும் இருப்புப்பாதை அமைத்த அந்நாட்டிலே, சாரத்தில் ஏறவும் கம்பி கட்டவும் போதிய ஆட்கள் இல்லாது போயினர். அதன் பயனாக, பிறநாட்டாரை உள்ளே விடுவதில் மிகுந்த தயக்கங் காட்டிவந்த அந்நாடு தன் குடிவரவுச் சட்டத்தையே மாற்றவேண்டியதாயிற்று. அம்மாற்றம் எவ்வாறு வந்தது, அதனால் விளைந்த நன்மை யாது, எஞ்சி நிற்கும் குறை யாது என்பவற்றை இங்கு நோக்குவோம்.

யப்பானிற் கட்டடத் தொழிலாளர் அருகியமைக்கு மக்கள் முதுமையடைந்தமையே காரணம் என்று பலர் கூறுவர். அது பாதி உண்மை. அந்நாட்டின் மக்கட்டொகை 2008 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 12 கோடி 80 இலட்சமாக உயர்ந்து, பின்னர் குறையத் தொடங்கியது. இன்று அங்கு நூறு பேரில் ஏறத்தாழ இருபத்தொன்பதின்மர் 65 வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் குறையும் நாட்டிலே தொழிலுக்கு வரும் இளைஞரும் குறைவது இயல்பே.

மற்றைப் பாதி, தொழில் நடந்த முறையிலே தங்கியிருக்கிறது. 1992 ஆம் ஆண்டிற் கட்டட வேலைகளுக்காக யப்பான் செலவிட்ட பணம் ஏறக்குறைய 84 இலட்சங் கோடி யென். பொருளாதார வீக்கம் தணிந்து, அரசாங்கமும் பொது வேலைகளைச் சுருக்கியபோது, 2010 ஆம் ஆண்டளவில் அத்தொகை பாதியாயிற்று. வேலை குறைந்ததும் கம்பனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு விலையைத் தாழ்த்தின. பெரிய கம்பனி ஏற்ற வேலை ஒப்பந்தகாரருக்கும், அவரிடமிருந்து உப ஒப்பந்தகாரருக்கும், அவருக்குங் கீழ் இன்னொருவருக்குமாகப் படிப்படியாக இறங்கியது. ஒவ்வொரு படியிலும் ஓர் இலாபம் கழிந்தது. அடிப்படியில் நின்ற தொழிலாளிக்கு எஞ்சியது நாட்கூலியே. மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையேற் கூலியும் இல்லை. கிழமையில் ஆறு நாளும் உழைக்க வேண்டும். இதனைக் கண்ட இளைஞர் வேறு தொழில்களை நாடினர்.

1997 ஆம் ஆண்டில் யப்பானிய கட்டடத் துறையில் ஏறத்தாழ 68 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வேலை செய்தனர். 2023 ஆம் ஆண்டில் அத்தொகை 48 இலட்சமளவிற்கு இறங்கிவிட்டது. எஞ்சியவரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் 55 வயதை எட்டியோர். முப்பது வயதுக்குட்பட்டோர் நூற்றுக்குப் பன்னிருவர் அளவினரே. இந்நிலையில் 2011 மார்ச் 11 ஆம் திகதி வடகிழக்குக் கரையை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அழித்தன. அழிந்த ஊர்களை மீளக் கட்ட வேண்டியிருந்தது. 2013 ஆம் ஆண்டில் ஒலிம்பிக் விளையாட்டு விழாவை நடத்தும் உரிமையும் தோக்கியோ நகருக்குக் கிடைத்தது. வேலை திரும்பி வந்தது. விலகிச் சென்ற கைகள் திரும்பி வரவில்லை. பணத்தை ஒரு நாளில் ஒதுக்கிவிடலாம். கம்பி கட்டுபவரையும் பலகை அடிப்பவரையும் பூச்சு வேலை செய்பவரையும் ஒரு நாளில் உருவாக்குதல் இயலாது.

இனி, குடிவரவுச் சட்டத்தின் பக்கத்தைப் பார்ப்போம். பொறியியலாளர், பேராசிரியர் முதலிய உயர்தொழில் வல்லுநரை யப்பான் நெடுங்காலமாக ஏற்று வந்தது. உடலுழைப்புத் தொழிலுக்கெனப் பிறநாட்டவர் எவரையும் ஏற்பதில்லை என்பதே அதன் கொள்கை. ஆயினும் உழைப்பாளர் தேவைப்பட்டனர். முன்வாயில் மூடியிருந்தமையால் பக்கவாயில்கள் திறக்கப்பட்டன.

முதலாவது பக்கவாயில் 1990 ஆம் ஆண்டிற் திறந்தது. முன்னொரு காலத்திற் பிழைப்புத் தேடிப் பிரேசில், பெரு முதலிய நாடுகளுக்குச் சென்ற யப்பானியரின் வழித்தோன்றல்கள் தம் மூதாதையர் நாட்டிற்கு வந்து எத்தொழிலுஞ் செய்யலாமெனச் சட்டம் இடமளித்தது. உறவின் பெயரால் அழைக்கப்பட்ட அவர்கள் தொழிற்சாலைகளிலே கைத்தொழிலாளராயினர். 2008 ஆம் ஆண்டிற் பொருளாதார நெருக்கடி வந்தபோது, வேலையிழந்த அவர்கள் தத்தம் நாடு திரும்புவதற்கென 2009 இல் அரசாங்கம் ஆளுக்கு 3 இலட்சம் யென் வழங்கியது. அப்பணத்தைப் பெற்றவர் அதே தகுதியில் உடனே மீண்டும் வரலாகாதென்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. வரவேற்பு எவ்வளவு ஆழமானது என்பதை அந்நிபந்தனை காட்டிவிட்டது.

இரண்டாவது பக்கவாயில், 1993 ஆம் ஆண்டிலே தொடங்கிய தொழில்நுட்பப் பயிலுநர் திட்டம். வளர்ந்துவரும் நாடுகளின் இளைஞர் யப்பானுக்கு வந்து தொழில் கற்று, கற்ற திறனைத் தாய்நாட்டுக்குக் கொண்டு செல்வர் என்பதே இதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். நோக்கம் நன்றே. நடந்ததோ வேறு. ஆளில்லாத சிறு கம்பனிகளும் பண்ணைகளும் இத்திட்டத்தின் வழியே ஆட்களைப் பெற்றன. பள்ளியிலே மாணாக்கன் கற்கின்றானா என்பதை ஆசிரியர் பார்ப்பர். இங்கே சுவர் எழும்புகின்றதா என்பதையே மேற்பார்வையாளர் பார்த்தார். வந்தவர் பெயரளவிலே மாணாக்கர், செயலளவிலே தொழிலாளர்.

பெயர் தவறினால் என்ன கேடு என்று சிலர் வினவலாம். கேடு அங்கேதான் தொடங்கியது. ஒருவரைத் தொழிலாளி என்று சட்டம் ஏற்றுக்கொண்டால், கூலியும் ஓய்வும் அவருக்கு உரிமையாகின்றன. ஓரிடத்திற் கொடுமை நேர்ந்தால் வேறிடத்திற்குச் செல்லும் உரிமையும் கூடவே வருகின்றது. மாணாக்கன் என்றால் நிலை வேறு. பாடத்திட்டம் முடியும்வரை ஒரே கூடத்தில் இருக்கவேண்டுமன்றோ? அந்த நியாயத்தின்படி பயிலுநர் தம்மை ஏற்ற கம்பனியை விட்டு வேறு கம்பனிக்குப் போவது பொதுவாகத் தடுக்கப்பட்டது. வந்த முதலாண்டிலேயே தொழிற்சட்டங்களின் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைத்தது 2010 ஆம் ஆண்டிலேதான்.

இத்தடையோடு கடனும் சேர்ந்துகொண்டது. யப்பானியக் குடிவரவு அதிகாரிகள் 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பயிலுநர் தாய்நாட்டிலுள்ள முகவர்களுக்குச் சராசரியாக 5 இலட்சம் யென்னுக்கு மேற் செலுத்தியிருந்தனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் கடன்பட்டே வந்திருந்தனர். கடன் ஒரு பக்கம் இழுக்க, இடம்மாற இயலாத விதி மறுபக்கம் கட்ட, நடுவில் நின்ற இளைஞர் என் செய்வர்? சிலர் பொறுத்துக்கொண்டனர், சிலர் இரவோடிரவாக மறைந்தனர். 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் அவ்வாறு மறைந்தவர் 9,700 பேருக்கு மேல். கட்டடத் துறையிலிருந்து மறைந்தவரே அவர்களுள் மிகுதி. மறைந்த கணமே அவர்கள் சட்டத்திற்குப் புறம்பானவராயினர். அதன்பின் எவர் ஏமாற்றினும் முறையிட இடமில்லை.

கொடுமைகளுள் ஒன்றைச் சுட்டுதல் போதும். கட்டட வேலை பயில வந்த வியட்நாமிய இளைஞர், புகுஷிமா அணுமின் நிலைய விபத்தினால் மாசடைந்த நிலத்திலே கதிரியக்கத் துகள்களை அகற்றும் வேலைக்கு அனுப்பப்பட்டமை 2018 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தாம் செய்வது இன்னதென முன்னரே அவருக்கு விளக்கப்படவில்லை. அத்தகைய வேலை பயிற்சியாகாது என்று அரசாங்கம் பின்னர் அறிவித்தது. இத்திறனை அவ்விளைஞர் தம் நாட்டிற்குக் கொண்டுசென்று என்ன பயன் காண்பார் என்ற வினா, திட்டத்தின் உட்பொய்யை உலகறியச் செய்தது.

நெருக்கடி முற்றியபோது அரசாங்கம் முதலில் ஒரு தற்காலிக வழியைக் கண்டது. பயிற்சி முடித்தவர்கள் ஒலிம்பிக் வேலைகளுக்காக மேலுஞ் சில ஆண்டுகள் கட்டடத் தொழிலில் நிற்கலாமென 2015 ஆம் ஆண்டில் அனுமதி வழங்கப்பட்டது. விழாவோ ஒரு முறை நிகழ்வது. தட்டுப்பாடோ ஆண்டுதோறும் வளர்வது. ஆகவே நிலையான சட்டம் வேண்டியதாயிற்று.

2018 டிசம்பர் 8 ஆம் திகதி அதிகாலையில் யப்பானியப் பாராளுமன்றம் குடிவரவுச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. விவரங்கள் பெரும்பாலும் பின்னர் வரும் ஒழுங்குவிதிகளுக்கே விடப்பட்டுள்ளன என்றும், ஆழ்ந்து ஆராயாது அவசரமாக நிறைவேற்றப்படுகின்றது என்றும் எதிர்க்கட்சியினர் குறைகூறினர். பிரதமர் ஷின்சோ அபேயோ இது குடியேற்றக் கொள்கையன்று என்று திரும்பத் திரும்பக் கூறினார். எனினும் 2019 ஏப்ரல் முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தபோது, உடலுழைப்பாளர் தொழிலாளர் என்ற பெயருடனேயே உள்ளே வரும் முன்வாயில் முதன்முறையாகத் திறந்தது.

இச்சட்டம் குறித்த திறன் தொழிலாளர் என்ற புதிய தகுதியை இரு வகையாக அமைத்தது. முதலாம் வகையினர் தொழிற்றிறன் சோதனையிலும் அடிப்படை யப்பானிய மொழிச் சோதனையிலும் தேறவேண்டும். மூன்றாண்டுப் பயிற்சியை ஒழுங்காக முடித்தவருக்கு இச்சோதனைகளில் விலக்கு உண்டு. இவ்வகையினர் மொத்தம் ஐந்தாண்டு வரை தங்கலாம். குடும்பத்தை அழைத்துவரல் பொதுவாக இயலாது. ஆயினும் அதே தொழிலுக்குள் ஒரு கம்பனியை விட்டு மற்றொன்றுக்கு மாறலாம். இரண்டாம் வகை மேலானது. கட்டடத் துறையில் அதனைப் பெற வேண்டுபவர் உயர்ந்த திறனோடு, ஒரு குழுவுக்குத் தலைமைதாங்கி வேலை நடத்திய அனுபவமும் உடையவராதல் வேண்டும். அத்தகுதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம். மனைவி மக்களையும் அழைத்துக்கொள்ளலாம். அவ்வகையில் நாட்டிலேயே முதலாவதாகத் தகுதி பெற்றவர், கிஃபு மாகாணத்திற் கொங்கிறீற்று வேலை செய்த ஒரு சீனர். அது நிகழ்ந்தது 2022 ஏப்ரலில்.

கட்டடத் துறைக்கென விதிக்கப்பட்ட சிறப்பு நிபந்தனைகள் நேயர்கள் கவனிக்கத் தக்கன. பிறநாட்டுத் தொழிலாளரை அமர்த்தும் கம்பனி தன் திட்டத்தை நிலம், உட்கட்டமைப்பு முதலியவற்றுக்குப் பொறுப்பான அமைச்சருக்குச் சமர்ப்பித்து ஒப்புதல் பெறவேண்டும். ஒத்த திறனுடைய யப்பானியருக்குக் கொடுக்கும் ஊதியத்திற்குக் குறையாது கொடுக்கவேண்டும். அவ்வூதியம் நாட்கூலியாக இருத்தலாகாது. மாதச் சம்பளமாக இருத்தல் வேண்டும். மழை பெய்து வேலை நின்றாலும் சம்பளம் நில்லாது என்பதே இதன் கருத்து. ஒவ்வொரு தொழிலாளரும் துறைக்கெனத் தொடங்கப்பட்ட பொதுப் பதிவேட்டிற் பதியப்பட்டு அட்டையொன்று பெறுகின்றார். வேலைத்தளத்தில் அவ்வட்டையைக் காட்டும்போது அன்றைய வேலை பதிவாகின்றது. அனுபவமும் தேர்ச்சியும் ஏற ஏற அட்டையின் நிறம் வெள்ளை, நீலம், வெள்ளி, பொன் என மாறுகின்றது. இதனால் ஒருவருடைய திறன் முதலாளியின் வாய்ச்சொல்லை நம்பியிராது, அவரது சொந்த உடைமையாகின்றது. இப்பதிவேடு யப்பானியத் தொழிலாளருக்கும் பொதுவானது. பிறநாட்டாரைக் காக்க எழுந்த விதிகள் உள்நாட்டுத் தொழிலின் பழைய குறைகளையுந் திருத்த முற்பட்டமை இங்கு விளங்கும்.

இதன் பயன் யாது? முதல் ஐந்தாண்டுகளிற் கட்டடத் துறைக்கு 40,000 பேர் வரை ஏற்கலாமெனக் கணிக்கப்பட்டது. 2020 முதல் நோய்த்தொற்றினால் எல்லைகள் மூடப்பட்டமையால் வரவு மந்தமாகி, 2023 இறுதியில் முதலாம் வகையினர் 24,000 அளவினரே இருந்தனர். 2024 மார்ச்சில் அமைச்சரவை அடுத்த ஐந்தாண்டுகளுக்குரிய எண்ணிக்கையை எல்லாத் துறைகளுக்குமாக 8 இலட்சத்து 20 ஆயிரமாகவும், கட்டடத் துறைக்கு 80,000 ஆகவும் உயர்த்தியது. பயிலுநரையும் பிறரையுஞ் சேர்த்து 2024 அக்டோபரில் யப்பானியக் கட்டடத் துறையில் வேலை செய்த பிறநாட்டவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 78 ஆயிரம் பேர். அதாவது நூறு தொழிலாளரில் ஏறக்குறைய நால்வர். இருபத்தைந்து ஆண்டுகளில் இருபது இலட்சம் பேரை இழந்த ஒரு தொழிலுக்கு இது ஊன்றுகோலாகலாம், கால்களாக மாட்டாது.

இங்கே எழும் ஒரு மறுப்பையும் நேர்மையோடு நோக்கவேண்டும். வெளியிலிருந்து ஆட்கள் எளிதிற் கிடைப்பின், கூலியை உயர்த்தவும் வேலைநேரத்தைக் குறைக்கவும் முதலாளிகள் முன்வருவரோ என்று தொழிலாளர் சார்பினர் வினவுகின்றனர். வினா நியாயமானதே. உள்நாட்டு இளைஞர் வெறுத்து விலகிய நிலைமைகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றைப் பொறுக்கக்கூடிய ஏழை நாட்டாரைத் தேடுவது நோயை விட்டு நோவை மட்டும் மறைக்கும் மருந்தாகும். யப்பான் இதனை ஒருவாறு உணர்ந்தது. மேலதிக வேலைநேரத்திற்கு எல்லை வகுத்த சட்டம் பிற தொழில்களுக்கு 2019 முதல் வந்தபோது கட்டடத் துறைக்கு ஐந்தாண்டு தவணை கொடுக்கப்பட்டது. அத்தவணை 2024 ஏப்ரலில் முடிந்தது. பொதுவாக மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்ற எல்லை கட்டடத் தொழிலாளருக்கும் உரியதாயிற்று. ஓய்வு கூடியமையால் ஆட்டேவையுங் கூடியது என்பது மெய்யே. ஆயினும் ஓய்வில்லாத தொழிலுக்கு நாளை எவரும் வரமாட்டார் என்பது அதனினும் பெரிய மெய்.

2018 ஆம் ஆண்டுச் சட்டம் முன்வாயிலைத் திறந்ததேயன்றி பக்கவாயிலை மூடவில்லை. பழைய பயிலுநர் திட்டமும் அருகிலேயே தொடர்ந்தது. 2024 யூன் மாதத்திலேதான் அதனை ஒழித்து, திறன் வளர்க்கும் வேலைவாய்ப்பு என்ற புதிய முறையை அமைக்கும் சட்டம் நிறைவேறியது. 2027 ஏப்ரல் முதலாந் திகதி அது நடைமுறைக்கு வருதற்குரிய நாளாகக் குறிக்கப்பட்டது. அதன்படி வருபவர் மூன்றாண்டில் முதலாம் வகைத் திறன் தொழிலாளராகும் அளவிற்குப் பயிற்றப்படுவர். தொழிலையும் மொழியையும் ஓரளவு கற்ற பின், துறைக்கேற்ப ஓராண்டு அல்லது ஈராண்டு கழிந்ததும், அதே துறையில் வேறு கம்பனிக்கு மாறலாம். அனுப்பும் நாட்டின் முகவர் பெறும் கட்டணம் தொழிலாளர் தலையிலே முழுவதுஞ் சுமத்தப்படாதவாறு தடுக்கவும் வழி வகுக்கப்பட்டது. அதே வேளையில், வரியையும் சமூகக் காப்புறுதிப் பணத்தையும் வேண்டுமென்றே செலுத்தாத பிறநாட்டாரின் நிரந்தர வதிவுரிமையைப் பறிக்கும் விதியும் அச்சட்டத்தொகுதியிலே இடம்பெற்றது. ஒரு கையால் திறந்து மறு கையால் இழுத்துப்பிடிக்கும் தயக்கம் இன்னும் முற்றாக நீங்கவில்லை என்பதற்கு அது சான்று.

இவ்வரலாற்றில் இலங்கையருக்கும் பங்குண்டு. 2019 ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் யப்பானிய அரசாங்கத்தோடு குறித்த திறன் தொழிலாளர் பற்றிய ஒத்துழைப்பு உடன்படிக்கையைச் செய்துகொண்டது. பொருளாதார நெருக்கடி சூழ்ந்த 2022 ஆம் ஆண்டில் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி இந்நாட்டை விட்டு வெளியேறினர். யப்பானை நோக்கும் இளைஞரும் அவரது பெற்றோரும் மூன்று வினாக்களை முதலிற் கேட்டுத் தெளிதல் நன்று. எந்தத் தகுதியிற் செல்கின்றோம், பயிலுநராகவா, திறன் தொழிலாளராகவா? முகவர் கேட்கும் பணம் எதற்கு, அதற்குப் பற்றுச்சீட்டு உண்டா? வேலையிடத்திற் தீங்கு நேரின் மாறிச் செல்லச் சட்டம் இடந்தருமா? 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிவுபெற்ற முகவரா என்பதை அறிந்த பின்னரே காணியை ஈடுவைப்பதோ நகையை அடகுவைப்பதோ பற்றி எண்ணுதல் வேண்டும். மொழியைக் கற்பதிற் செலவிடும் ஓராண்டு, முகவருக்குக் கொடுக்கும் பணத்தினும் மிகுந்த காவலைத் தரும். தன் குறையை அந்நாட்டு மொழியிற் சொல்லத் தெரிந்தவரை ஏய்ப்பது எளிதன்று.

ஏனைய நாடுகளுக்கும் யப்பானின் அனுபவம் ஒரு பாடம். தொழிலாளர் வேண்டும் என்று ஒரு நாடு உணர்ந்தால், அதனை வெளிப்படையாகச் சொல்லிச் சட்டமியற்றுவதே நேர்வழி. உறவினர் என்றும் மாணாக்கர் என்றும் பெயர் சூட்டி அழைத்ததனால் யப்பான் முப்பது ஆண்டுகளை இழந்தது. அப்பெயர்களுக்குட் சிக்குண்ட பல்லாயிரம் இளைஞர் தம் வாழ்வின் நல்ல ஆண்டுகளை இழந்தனர். கூலியும் ஓய்வும் இடம்மாறும் உரிமையும் குடும்பத்தோடு வாழும் நம்பிக்கையும் ஒவ்வொன்றாகச் சட்டத்தில் ஏறிய பின்னரே, கடல்கடந்து வந்தவர் அங்கு நிலைத்து நின்று தொழிலைத் தாங்கத் தொடங்கினர்.

கட்டிமுடித்த மாளிகையைப் பார்ப்பவருக்குச் சாரம் தெரிவதில்லை. அது முன்னரே கழற்றப்பட்டுவிடும். அதில் நின்று உழைத்தவரையும் அவ்வாறே கழற்றி எறிந்துவிடலாமென எண்ணிய காலம் மெல்ல மாறி வருகின்றது. அம்மாற்றம் சட்டப்புத்தகத்தோடு நில்லாது வேலைத்தளம் வரை சென்றதா என்பதை, மழை நாளன்றும் சம்பளம் பெற்று வீட்டிற்குப் பணம் அனுப்பும் தொழிலாளியே சொல்ல வல்லார்.